ஆர்மீனியா அண்ணாச்சி

ஆர்மீனியாவுக்குப் போய் ஆர்மீனியர் ஆனவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். அருப்புக்கோட்டையை விட்டு நகராமல், வத்தல் மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே ஆர்மீனியர் ஆன ஒரே மனிதர் எங்கள் அண்ணாச்சிதான். மதுரைக்கு அந்தப் பக்கம் அவர் போனதே கிடையாது. மதுரைக்குப் போனதும் பெரும்பாலும் ஆஸ்பத்திரி விஷயமாகத்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை நானே பலமுறை அச்சடித்திருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஆர்மீனியா அண்ணாச்சி என்றால் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர் வரைக்கும் வழி சொல்வார்கள். கொஞ்ச நாளில் அது ஊரின் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. யாராவது திடீரென்று தாடி வளர்த்தாலோ, சைவமாக மாறினாலோ, "அவனும் ஆர்மீனியா ஆயிட்டான்லே" என்பார்கள்.

அவருடைய மண்டிக்கு அடுத்த கடை என் அச்சகம். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் என் மிஷினுக்குள் புகுந்துதான் வெளியே போகும். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கத்து மிளகாய் நெடிக்கு இந்தப் பக்கம் நான் தும்முவேன். தும்மி முடித்ததும் சுவருக்கு அப்பாலிருந்து, "தம்பி, நல்ல காரம்ல?" என்று பெருமையாகக் கேட்பார். இருபது வருடம் இப்படித்தான் ஓடியது.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், செல்வி. டாக்டருக்குப் படிக்க ஆர்மீனியா போனாள். அது எங்கே இருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ரஷ்யாவுக்குக் கீழ, துருக்கிக்கு அங்கிட்டு, நம்ம ஊருக்கு மேல." படிப்பை முடித்தவள் அங்கேயே ஓர் ஆர்மீனியப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அண்ணாச்சி மூன்று நாள் மண்டியைத் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தவர், "பையன் பல் டாக்டராம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. போய்ப் பார்க்கவும் வழியில்லை. அவர் இதயம் விமானம் ஏறுகிற இதயமில்லை என்று மதுரை டாக்டர் முன்பே சொல்லிவிட்டார்.

பேரன் பிறந்தான். நரேக் என்று பெயர் வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ கால் வரும். அண்ணாச்சி குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்காருவார். பையன் அவரை "பாப்பிக்" என்று கூப்பிடுவான். அந்த ஊரில் தாத்தாவுக்கு அதுதான் சொல். அதற்குமேல் அவன் பேசுவது இவருக்குப் புரியாது, இவர் பேசுவது அவனுக்குப் புரியாது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சின்னவனுக்குச் சலித்துவிடும், எழுந்து ஓடிவிடுவான். பெரியவர் சிரித்த முகத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஏதோ விருந்து. பெரிய மேஜையைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுச் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருக்க, செல்வி நடுவில் நின்று கையை ஆட்டி ஆட்டி அவர்கள் பாஷையில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாளாம். மாப்பிள்ளை அவளைக் காட்டி ஒரு வார்த்தை சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். செல்வியும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அண்ணாச்சி அந்த வார்த்தையை உடனே துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்: ஹயாத்சும்.

மகளிடம் அர்த்தம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. அதே ஊரில் டாக்டருக்குப் படிக்கும் திருச்சுழித் தம்பி ஒருவன் லீவில் வந்திருந்தான். ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்துச் சீட்டைக் காட்டினார். அவன் பார்த்ததும் சிரித்தான். வேற ஊரிலிருந்து வந்த ஒருத்தர் பேச்சு, சாப்பாடு, பழக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கடைசியில் ஆர்மீனியராகவே ஆகிவிடுகிறார் அல்லவா, அதற்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் என்றான். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பார்கள் என்றும் சொன்னான்.

அண்ணாச்சி சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"ஒரு காரியத்துக்குன்னு தனியா பேரு வச்சிருக்காகன்னா, அது நெறயப் பேருக்கு நடந்திருக்கணும் தம்பி" என்றார். "எம் மக மொத ஆளில்ல."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பி, எங்கள் வீட்டில் முன்னே கன்னடம்தானே பேசுவோம் என்று கேட்டார். ஆமாம். நாங்கள் நெசவுக் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அப்பா திட்டுவதெல்லாம் கன்னடம், நான் பதில் சொல்வதெல்லாம் தமிழ். என் பையனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. அப்பா கடைசி ஒரு மாதம் படுக்கையில் கிடந்தபோது தமிழை விட்டுவிட்டு முழுக்கக் கன்னடத்திலேயே பேசினார். பாதி எனக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன். இதையெல்லாம் அண்ணாச்சியிடம் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொன்னேன்.

"ஒங்களுக்கு நடந்ததுக்கு என்ன பேரு தம்பி?"

"பேரெல்லாம் இல்ல அண்ணாச்சி. சும்மா நடந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராக எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "அவ மட்டும் போனாத்தான் அது போறது. நானும் கூடவே போயிட்டா, அதுக்குப் பேரு வீடு மாத்துறது" என்றார். திருச்சுழித் தம்பிக்கு லீவின் நிம்மதி அன்றோடு முடிந்தது. மிச்சமிருந்த நாட்கள் முழுக்க அவன் அண்ணாச்சிக்கு ஆர்மீனிய எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். அவர்களுடைய எழுத்து நம்முடையதைப் போலச் சுழியாது, குதிரை லாடத்தை நிமிர்த்தியும் கவிழ்த்தும் அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். அறுபத்து மூன்று வயதில் அண்ணாச்சி அத்தனை லாடத்தையும் மனப்பாடம் செய்தார்.

எழுதிப் பழக அவருக்கு நோட்டுப் புத்தகம் பிடிக்கவில்லை. மூட்டைதான் வசதி. மண்டியில் எந்தச் சம்சாரி விளைவித்த வத்தல் எது என்று தெரிவதற்கு மூட்டைமேல் அவரவர் பெயரின் முதலெழுத்தைப் போட்டு வைப்பார்கள். அண்ணாச்சி அதை ஆர்மீனிய எழுத்தில் போட ஆரம்பித்தார். பரளச்சிக்காரர் வத்தல் கேரளாவுக்குப் போனது, கேரளாவுக்குப் போக வேண்டியது திண்டுக்கல்லுக்குப் போனது. திண்டுக்கல் வியாபாரி மூட்டையைத் தொடாமல் போன் செய்து, இது என்ன அண்ணாச்சி, யாராவது செய்வினை வைத்து அனுப்பியிருக்கிறார்களா என்று நடுங்கிப்போய்க் கேட்டார். அண்ணாச்சி அவருக்கு முதல் ஐந்து எழுத்தைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தார். அந்த வியாபாரி அப்புறம் லோடு எடுப்பதையே நிறுத்திக்கொண்டார்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆடி மாதம் ஒரு நாள் காலையில் மண்டி வாசலில் பெரிய கூச்சல். போய்ப் பார்த்தால், மூட்டை தூக்குகிற கருப்பையா தலையிலிருந்து கால்வரை நனைந்து நிற்கிறான். அண்ணாச்சி கையில் காலிக் குடம். ஆர்மீனியாவில் அன்றைக்கு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுகிற பண்டிகையாம். எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாள்தான் பண்டிகை. பத்து நாளைக்கு வைத்துக் குடிக்கிற தண்ணீரில் ஒரு குடம் போய்விட்டது என்று தெரிந்ததும் அண்ணாச்சியின் மனைவி, எங்கள் மதினி, வீட்டிலிருந்து வந்த வரத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதற்கப்புறம் அந்தப் பண்டிகையை அண்ணாச்சி ஒரு செம்புத் தண்ணீரில், விரலால் தெளித்துக் கொண்டாடினார். பார்க்கிறவர்கள் புண்ணியாகவாசனம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்து மரம். செல்வி பார்சலில் அனுப்பிய ஆப்ரிகாட் பழத்தைத் தின்றுவிட்டுக் கொட்டையைப் பரளச்சியில் இருக்கும் தன் புன்செய்க் காட்டில் ஊன்றினார். ஆர்மீனியர்களுக்கு அது குலமரம் மாதிரியாம். வாராவாரம் பஸ்ஸில் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். செடியும் முளைத்தது. ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சந்தேகமே இல்லாத வேப்பஞ்செடி. நான் மெல்லச் சொன்னேன். அவர் கொஞ்சமும் கலங்காமல், "இருக்கட்டும் தம்பி. போகப் போக ஆகிரும். நான் ஆகலயா?" என்றார்.

அவரை எல்லோரும் கேலி செய்தோம். நான் சற்று அதிகமாகவே செய்தேன். அது இப்போது உறுத்துகிறது.

அவர் படித்ததிலேயே அவருக்கு மிகவும் பிடித்துப்போனது ஒரு சின்ன வாக்கியம்: "ட்சாவ்த் தானெம்." சம்பந்தியம்மா வாயில் அது எந்நேரமும் இருக்குமாம். நரேக் கீழே விழுந்தாலும், தும்மினாலும், முழங்கால் சிராய்த்து வந்தாலும் அவனை அணைத்துக்கொண்டு அதைத்தான் சொல்வார். உன் வலியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று அதற்கு அர்த்தம் என்று திருச்சுழித் தம்பி போனில் சொன்னான். அன்றைக்கு அண்ணாச்சி என் கடைக்கு வந்து அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார். நம் ஊரில் வலிக்கிறதா என்று கேட்போம், மருந்து போட்டாயா என்று கேட்போம், வாங்கிக்கொள்கிறேன் என்று யார் சொல்கிறார்கள் என்றார். நம் பொம்பளைகள் நெட்டி முறிக்கிறார்களே என்றேன். அது கண் படாமல் இருக்க, இது வேறு என்றார்.

மறுநாளிலிருந்து மண்டிக்கு வந்த யாரும் தப்பவில்லை. மழையில் நனைந்த வத்தலோடு வந்த ஒரு சம்சாரியின் கையைப் பிடித்துக்கொண்டு "ட்சாவ்த் தானெம்" என்றார். அவர் அதை விலை குறைப்பதற்கான மண்டிப் பாஷை என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி, போன வாரத்து விலையே போடுங்கள் என்று கெஞ்சினார். கருப்பையாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட அன்று அவனிடமும் சொன்னார். அவன் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, "வலியத் தூக்கிட்டுப் போறீகளா? எத்தன கிலோன்னு பாத்துத் தூக்குங்க அண்ணாச்சி. ஒங்க நெஞ்சு தாங்காது" என்றான். மண்டியே சிரித்தது. ஆனால் அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகும்போது அந்த வார்த்தையை முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

நரேக்கிற்கு ஐந்து வயதானபோது, செல்வி மாப்பிள்ளையோடு முதல்முறையாக ஊருக்கு வருவதாகச் சொன்னாள். பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டுக்குள் இருக்கும் குலதெய்வம் கோயிலில் பையனுக்கு மொட்டையும் காதுகுத்தும் என்று முடிவானது. காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். செல்விக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை என்பதால் அண்ணாச்சி மடி. அவருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? பேரன் மடியில் உட்காருவான், காது குத்துவார்கள், அவனுக்கு வலிக்கும், இவர் அவன் காதோரம் குனிந்து அந்த வாக்கியத்தைச் சொல்வார். அதோடு பாப்பிக் அந்நியமில்லை என்று பையனுக்குத் தெரிந்துவிடும். எட்டு மாதம் அதற்காகவே வாழ்ந்தார். "அந்த ஒண்ண மட்டும் சொல்லிட்டேன்னு வைங்க தம்பி, அப்புறம் அவன் எங்கிட்டதான் இருப்பான்" என்பார்.

பத்திரிகை அடிக்க என்னிடம்தான் வந்தார். மேட்டரோடு சேர்த்து ஒரு வெள்ளைச் சீட்டை நீட்டினார். அதில் அவர் கையாலேயே ஆர்மீனிய எழுத்தில் அந்த வாக்கியம். மூட்டையில் எழுதிப் பழகிய கை அல்லவா, ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் அளவுக்கு இருந்தது. பத்திரிகையின் அடியில் இதையும் போட வேண்டும் என்றார்.

எனக்கு ஏனோ எரிச்சலாக வந்தது. நான் அதற்கு ஃபான்ட் இல்லை என்றேன். இறக்கிக்கொள்ள முடியாதா என்று கேட்டார். முடியாது என்று பொய் சொன்னேன். அதோடும் விடவில்லை. "கொலதெய்வத்துக்கே வாசிக்கத் தெரியாத எழுத்து எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

அவர் கோபப்படவில்லை. "அதுவும் சரிதான்" என்றார். சீட்டை எடுக்க மறந்து போய்விட்டார். நான் அதை மேஜை இழுப்பறையில் போட்டேன். எந்த ஃபான்டையும் இறக்க இரண்டு நிமிடம் போதும். எனக்கு மனம்தான் இல்லை.

காதுகுத்துக்கு நானும் போயிருந்தேன். கரிசல் காட்டில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறி கொதிக்க, சொந்தம் பந்தம் எல்லாம் வந்து குவிந்திருந்தது. மாப்பிள்ளை வேட்டியைப் பிடித்துக்கொண்டே நடந்தார், பாவம், நல்ல மனிதர். நரேக்கிற்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். பார்க்கிற ஒவ்வொருவரும் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள், அவனுக்குப் புரியாத பாஷையில் சத்தம் போட்டார்கள். மேளம் வேறு காதுக்குள் அடித்தது. குழந்தை ஏற்கெனவே மிரண்டுபோயிருந்தது.

அண்ணாச்சி புதுத் துண்டு போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. பையனைத் தூக்கி மடியில் வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியோடு முன்னால் வந்ததும் அவன் திமிறினான். அண்ணாச்சி இரண்டு கையாலும் அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கம்பி ஏறியது. பையன், "ட்சாவும் ஏ, ட்சாவும் ஏ" என்று அலறினான். என்ன சொல்கிறான், என்ன சொல்கிறான் என்று கூட்டம் முழுக்கக் கேட்டது. பிள்ளை அழுவதைப் பார்க்க மனமில்லாமல் செல்வியும் மாப்பிள்ளையும் கூட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள். அங்கே இருந்தவர்களில் அது அண்ணாச்சி ஒருவருக்குத்தான் புரிந்தது. வலிக்கிறது என்கிறான்.

அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. கடைசியில் வந்தது, "ஏலே, அழாதலே ராசா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்பதுதான். கூட்டமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த காதுக்குக் கம்பி ஏறியது. முடிந்ததும் பையன் அவர் மடியிலிருந்து பாய்ந்து அப்பாவிடம் ஓடினான்.

இருந்த பன்னிரண்டு நாளும் நரேக் அண்ணாச்சி பக்கம் வரவில்லை. அவனைப் பொறுத்தவரை, வலிக்க வலிக்க இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த கிழவர் அவர். அண்ணாச்சி ஆர்மீனிய மொழியில் கூப்பிட்டுப் பார்த்தார், சம்பந்தியம்மா மாதிரி கையை விரித்துப் பார்த்தார். காதைப் பொத்திக்கொண்டு ஓடினான். மதுரை விமான நிலையத்தில் எல்லோருக்கும் கையாட்டியவன், அவருக்கு மட்டும் ஆட்டவில்லை. இதைச் சொன்னது மதினி. அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு தடவைதான் இதைப் பற்றிப் பேசினார்.

"ஊருல உள்ள எல்லாத்துக்கும் சொன்னேன் தம்பி" என்றார். "அவனுக்கு மட்டும் சொல்லல."

மறுநாள் மூட்டைகளில் பழையபடி தமிழ் எழுத்து வந்துவிட்டது. லோடு ஒழுங்காகப் போனது. திண்டுக்கல் வியாபாரியும் திரும்பி வந்தார். ஊரெல்லாம், அண்ணாச்சிக்குச் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டது. எனக்குத்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அமைதியைப் பொறுக்க முடியவில்லை. வேண்டுமென்றே பெரிதாகத் தும்முவேன். பதில் வராது. ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் மட்டும் நிற்கவில்லை. பையன் திரையில் நெற்றியைக் காட்டிவிட்டு ஓடிவிடுவான் என்று மதினி சொன்னார். இப்படியே இரண்டு வருடம் போனது.

போன தை மாதம், புது வத்தல் வரத்து ஆரம்பித்த சமயம், காலை பத்து மணிக்கு அண்ணாச்சி மூட்டைமேல் உட்கார்ந்தபடி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கருப்பையா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டோ நிற்கிற இடம் வரைக்கும் ஓடினான். ஓடும்போது "ட்சாவ்த் தானெம் அண்ணாச்சி, ட்சாவ்த் தானெம் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே ஓடினான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி நான்தான் அடித்தேன். போட்டோ வைத்தேன், பெயர் போட்டேன், பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் ஆர்மீனியா அண்ணாச்சி என்றும் போட்டேன். பிறகு இழுப்பறையைத் திறந்தேன். சீட்டு அங்கேயே இருந்தது. அதை அப்படியே ஸ்கேன் செய்து, அவருடைய கையெழுத்திலேயே, போட்டோவுக்குக் கீழே முழு அகலத்துக்குப் பெரிதாக வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

விடிந்ததும் சுவரெல்லாம் ஒட்டியாகிவிட்டது. எனக்குப் போன் மேல் போன். கீழே என்ன புழு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, மிஷின் கோளாறா என்று ஒருவர். எந்தக் கட்சி என்று ஒருவர். சாவு வீட்டில் விளையாட்டா என்று ஒரு சொந்தக்காரர் கத்தினார். அண்ணாச்சி எழுதியது என்று மட்டும் எல்லோருக்கும் சொன்னேன். என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டவர்களுக்கு, படிக்க வேண்டியவன் வந்துகொண்டிருக்கிறான் என்றேன்.

அவர்கள் வரும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் செல்வியும் மாப்பிள்ளையும் பையனும் மதுரையிலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். தெருவில் கூட்டம் நின்றதால் கார் உள்ளே போகவில்லை, மண்டி வரைக்கும்தான் வந்தது. அங்கிருந்து நடந்தார்கள். செல்வி அழுதுகொண்டே முன்னால் போனாள். நரேக்கிற்கு இப்போது ஏழு வயது. அவன் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நடந்தவன், மண்டிச் சுவர் முன்னால் வந்ததும் நின்றுவிட்டான்.

அவன் அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் எழுத்துப் படித்து முடித்திருந்தான். அப்பா விரலை விட்டுவிட்டுச் சுவர் அருகே போனான். ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, முதல் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற மாதிரியே, எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தான். ட்சா-வ்-த் தா-னெ-ம். அந்தத் தெருவில் அத்தனை பேர் நின்றோம். கருப்பையா மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பி நின்றான்.

பையன் அம்மாவிடம் ஓடி ஏதோ கேட்டான். செல்வி குனிந்து அவனை அணைத்துக்கொண்டாள். என்ன கேட்கிறான் என்று நான் கேட்டேன்.

"இந்த ஊருல வேற யாருக்கும் இது வாசிக்கத் தெரியாதுல்ல, அப்ப பாப்பிக் எனக்குத்தான எழுதியிருக்காருன்னு கேக்குறான் சித்தப்பா" என்றாள்.

ஆமாம் என்று சொல் என்றேன். அவள் சொன்னாள். அவன் இடது காதின் மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அதற்கப்புறம் யார் கையையும் பிடிக்காமல் அவனே நடந்து வீட்டுக்குள் போனான். ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு, எடுத்துக்கொண்டு போகும்வரை பாப்பிக் பக்கத்தைவிட்டு அவன் நகரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று, அந்தச் சீட்டு தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். என்னிடம் இருப்பது ஜெராக்ஸ்தான். எனக்கு இப்போது முழங்கால் மோசம். வலி அதிகமாக இருக்கிற நாளில் இழுப்பறையைத் திறந்து அதை எடுத்துப் பார்ப்பேன். வலி எங்கேயும் போவதில்லை. அண்ணாச்சிதான் கொஞ்ச நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்.